மாப்பிள்ளை பேரில் மாமனார் ரத்தம்

அத்தியாயம் 17

போன வாரம் நம் லேப்காரியைத் திட்டி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. "பெற்ற அப்பாவிடமே மறைக்கிறாளே, இவளெல்லாம் ஒரு மகளா?" என்று ஒரு வாசகி பச்சை மையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். தாயே, கொஞ்சம் பொறுங்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்படி ஒரு செய்தி உங்கள் கையில் கிடைத்தால் வாயைத் திறந்து சொல்லிவிடுவீர்களா? நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். அவளுடைய அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு. வண்டி ஓட்ட உரிமம் கேட்டு வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பாஸ், பெயில் போடும் அதிகாரியாக முப்பத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். மூன்று மாதமாக மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. கதவில் லேசாக இடித்துக்கொண்டால்கூடக் கை கன்றிப்போனது. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

மகள் வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரி லேபில்தான். ஆனால் அங்கே ஊழியரின் கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும்தான் அன்றைக்கே பரிசோதனை. பெற்றோர் வெளியாள் கணக்கில் வருவார்கள், ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள். டியூட்டிக்குக் கிளம்பும் நேரத்தில், சாப்பாட்டு மேஜையில் வைத்தே அப்பாவின் கையில் ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்தாள். டியூபில் ஒட்டிய சீட்டில் கணவன் பெயர், கணவன் வயது, கணவன் போன் நம்பர் என்று எழுதிவிட்டாள்.

வெறும் ரத்தசோகையாக இருக்கும், இரும்புச்சத்து மாத்திரையோடு போய்விடும் என்றுதான் நினைத்தாள். மதியம் அவளே அந்த ரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பதினாறு வருடமாக யார் யாருடைய ரத்தத்திலோ பார்த்திருந்த, முற்றாத, பெரிய பெரிய வெள்ளை அணுக்கள் அப்பாவின் ரத்தத்தில் கும்பல் கும்பலாக இருந்தன. ரத்தப் புற்று. தலைமை டாக்டரம்மாவும் பார்த்து உறுதி செய்தார். "உன் வீட்டுக்காரருக்கா இப்படி?" என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே வேலை போய்விடும். "பண்டிகை முடியட்டும் டாக்டர், நானே சொல்லிக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

அதோடு போன வாரம் நிறுத்தினேன். இனி கிறிஸ்துமஸ் காலை.

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி எட்டரை. வீடு இரண்டாவது மாடியில். அப்பா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதாகப் பாவனை செய்தார். பார்ப்பதற்கு அங்கே பக்கத்துக் கட்டடத்துச் சுவரும் ஒழுகுகிற ஒரு குழாயும்தான் இருந்தன. மகள் அவசரப்படுத்தாமல் ஒரு படி பின்னாலேயே வந்தாள்.

"என்னடி, சவ ஊர்வலம் மாதிரி வரே? முன்னாடி போ" என்றார் அப்பா.

"செருப்பு வழுக்குதுப்பா" என்று சொல்லிச் சமாளித்தாள்.

அவள் கணவனுக்கு நகரப் பேருந்தில் டிரைவர் வேலை. மாமனார் மற்றவர்களிடம் அவரை 'டிரைவர்' என்றுதான் சொல்வார், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். உரிமத்துக்கு வந்த இடத்தில் இந்த டிரைவரை இரண்டு தடவை பெயில் போட்டவரே இந்த மாமனார்தான். முதல் தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டாவது தடவை, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த பெண்ணைப் பார்த்ததில் கோட்டைத் தாண்டி நிறுத்தினார். மூன்றாவது தடவை பாஸ் ஆனதும் நேராகப் பெண் கேட்க வந்துவிட்டார். "கண்ணாடியைப் பார்க்கத் தெரியாதவனுக்கு என் பொண்ணை மட்டும் பார்க்கத் தெரிஞ்சுருக்கு" என்று மாமனார் பதினாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் டீக்குத் தண்ணீர் வைத்தபோது போன் அடித்தது. தெரியாத நம்பர். உள்ளே அவருடைய பெண் சத்தமாகப் பாட்டு வைத்திருந்ததால் பால்கனிக்குப் போய் எடுத்தார்.

"சார், நான் உங்க மிஸஸ் வேலை பாக்கற லேபோட டாக்டர் பேசறேன்."

"ஹேப்பி கிறிஸ்துமஸ் டாக்டர்! அவ உள்ளதான் இருக்கா, கூப்பிடறேன்."

"வேணாம். உங்ககிட்டதான் பேசணும். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

டாக்டரம்மா நல்லவர். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது காட்டச் சொன்னால் எனக்கு ஆள் கிடைக்காது. அவர் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரியில்லை. ரத்தப் புற்றில் ஒரு வகை. நாளை காலை வந்து சேர வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

"பண்டிகை முடியட்டும்னு உங்க மிஸஸ் கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன். ஆனா நீங்க பஸ் ஓட்டறவர்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். நாளைக்குக் காலையில முதல் பஸ் உங்களுதாமே? ஓட்டும்போது மயக்கம் வந்துட்டா என்ன சார் பண்றது? பின்னாடி அம்பது பேர் இருப்பாங்களே. அதான் மனசு கேக்கல."

"சரிங்க டாக்டர்."

"அவங்களைக் கோவிச்சுக்காதீங்க. பாவம், சொல்லவும் முடியாம மெல்லவும் முடியாம தவிக்கறாங்க."

நம் டிரைவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வரும்? மூன்று வாரத்துக்கு முன்புதான் டிப்போவில் வருடாந்திரப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். அது போவதும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். அது போக, இரண்டு நாளாக மனைவியின் கண் சிவந்திருந்தது. கேட்டால் வெங்காயம் என்றாள். கேக்கில் எதற்கு வெங்காயம் என்று அப்போதே நினைத்திருந்தார்.

கொடியில் மகளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அதன் பாவாடை விளிம்பில் தைத்திருந்த மடிப்பு கண்ணில் பட்டது. வளர்ந்தால் பிரித்துவிடுவதற்காக இரண்டு விரல் அகலத்துக்கு விட்டிருந்தார்கள். அவள் அவ்வளவு உயரம் வளர்வதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன் என்று நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு முடிவுக்கு வந்தார். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்த ஒரு நாள் நன்றாகப் போகட்டும்.

உள்ளே போய் நான்கு கோப்பையில் டீ ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. தன்னைப் பற்றி அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் பரிசை யாரும் சும்மா எடுத்துக் கொடுப்பதில்லை. மரத்தடியில் பெயர் எழுதி வைத்திருக்கும், ஜெயித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டின் பெயர் கல்மூஞ்சி. இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டு, முட்டி உரச உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. முதலில் சிரிக்கிறவர் அவுட். ஜெயித்தவர் ஒரு பொட்டலம் பிரிக்கலாம். தாத்தாவின் உத்தியோக முகத்திலிருந்து பிறந்த விளையாட்டு இது. பாஸா பெயிலா என்று கடைசிக் கையெழுத்துவரை அந்த முகத்தில் யாரும் படித்ததில்லை.

பதினோரு வயதுப் பேத்திதான் நடுவர். வீட்டில் அவளுக்குப் பெயர் விசில். ஏன் என்று அவள் பேசுவதைக் கேட்டால் தெரியும்.

"முதல் ஆட்டம்! தாத்தா, அப்பா! அப்பா, உக்காரும்போதே சிரிக்காதீங்க, போன வருஷம் அப்படித்தான் அவுட் ஆனீங்க!"

டிரைவர் இந்த விளையாட்டில் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மாமனார் புருவத்தை லேசாகத் தூக்கினாலே போதும், அந்த இரண்டு பெயிலும் ஞாபகம் வந்து சிரித்துவிடுவார்.

இன்று உட்கார்ந்தார். மாமனாரைப் பார்த்தார். இந்த மனிதருக்கு முன்னால் நான் போகப் போகிறேன் என்று நினைத்தார். என் பெண்ணைப் பள்ளிக்குக் கூட்டிப்போவதும் என் பெண்டாட்டிக்கு ஆறுதல் சொல்வதும் இனி இந்த வயதானவர் பொறுப்பு. மாடிப்படி ஏறவே முடியாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்வார்?

மாமனார் புருவத்தைத் தூக்கினார். டிரைவரின் முகம் அசையவில்லை. மூக்கைச் சுழித்தார். அப்போதும் அசையவில்லை. கடைசியில், "என்ன மாப்ளே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று மாமனார்தான் வாயைத் திறந்தார்.

"தாத்தா அவுட்! பேசிட்டாரு! அப்பா ஜெயிச்சாச்சு!" விசில் நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். "வரலாற்றிலேயே முதல் தடவை!"

மனைவி கைதட்டினாள். கணவன் ஜெயித்ததைப் பார்க்கவில்லை, அப்பாவின் கையில் புதிதாக ஒரு கன்றல் இருந்ததைத்தான் பார்த்தாள்.

டிரைவர் தன் பெயர் எழுதிய பொட்டலத்தைப் பிரித்தார். பேருந்து இருக்கையில் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தை. மாமனார் வாங்கியது.

"இன்னும் பதினேழு வருஷம் சர்வீஸ் இருக்கே. முதுகு வேணாமா?" என்றார் மாமனார்.

"வேணும் மாமா" என்று சொல்லிவிட்டு டிரைவர் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

அடுத்து விசிலுக்கும் அம்மாவுக்கும் ஆட்டம். அம்மா தோற்றாள். விசிலுக்கு வண்ணப் பென்சில் பெட்டி கிடைத்தது. அப்புறம் தாயம் உருட்டினார்கள், சீட்டு ஆடினார்கள். தாத்தா இரண்டு ஆட்டம் முடிந்ததும் "கண்ணை மூடி யோசிக்கறேன்" என்று சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மற்றவர்கள் குரலைத் தாழ்த்தி ஆடினார்கள்.

மதியம் சாப்பிட்டு முடித்ததும் டிரைவர் மகளை ஹாலின் மூலைக்குக் கூட்டிப்போனார். ஸ்டூல் போட்டு ஏற்றினார்.

"இதுதான் மெயின். கரண்ட் போனா முதல்ல இது கீழ விழுந்திருக்கான்னு பாரு. விழுந்திருந்தா மேல தள்ளு. திரும்ப விழுந்தா தொடாதே, ஆளைக் கூப்பிடு."

"நீங்க இருக்கீங்களேப்பா, நான் எதுக்குத் தள்ளணும்?"

"தெரிஞ்சு வச்சுக்கோ. எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். காலையில் கேஸ் சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று அவளுக்குப் பாடம் நடந்திருந்தது. அதற்கு முன் தண்ணீர் மோட்டார். இப்போது பெண்ணுக்கு மெயின் சுவிட்ச்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு இது என்னங்க வேலை? இங்க வாங்க கொஞ்சம்" என்றாள்.

அவர் சமையலறைக்கு வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருடைய முடிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கதவைச் சாத்தினார்.

"நீ தனியா சுமக்க வேணாம். எனக்குத் தெரியும்" என்றார்.

அவள் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. "எப்படித் தெரியும்?"

"டாக்டர் காலையில போன் பண்ணாங்க. எல்லாம் சொல்லிட்டாங்க. அழாதே. அழாதேன்னு சொல்றேன்ல. ரெண்டு நாளா என்னைப் பார்த்துப் பார்த்து அழுதுட்டிருந்திருக்கே, நான் வெங்காயம்னு நம்பிட்டேன். பாப்பாகிட்ட இப்ப சொல்ல வேணாம். மாமாகிட்ட நானே பக்குவமாச் சொல்றேன். எனக்கு ஒண்ணுன்னா நீ இந்த வீட்டை..."

"உங்களுக்கா?" என்றாள் அவள்.

"பின்ன யாருக்கு?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு தான் கைப்பட எழுதிய சீட்டு ஞாபகம் வந்தது. கணவன் பெயர், கணவன் வயது, கணவன் போன் நம்பர்.

"ஐயோ. அது உங்க ரத்தம் இல்லீங்க" என்றாள்.

"என்னது?"

"உங்க டிப்போ ரிப்போர்ட் போன வாரமே வந்துடுச்சு. ஒரு குறையும் இல்ல. நீங்க நல்லா இருக்கீங்க. இது வேற. உங்க பேரைப் போட்டு நான்தான் அனுப்பினேன்."

டிரைவர் அவளையே பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார், காலையிலிருந்து மூச்சே விடாதவர் போல. அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை. மேடையைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எனக்கு இல்லையா? நிஜமா எனக்கு இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப யாருக்கு?"

சிரித்து முடித்த பிறகுதான் அவருக்கு அதைக் கேட்கத் தோன்றியது. அதற்காக அவர்மேல் கோபப்படாதீர்கள். உயிர் திரும்பிக் கிடைத்தவன் முதலில் மூச்சு விடுவான், பிறகுதான் அக்கம்பக்கம் பார்ப்பான்.

அவள் மூடியிருந்த கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் தாத்தாவும் பேத்தியும் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமாவா?" என்றார் டிரைவர்.

"ஆமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துக்கம் வந்தது, நிஜமான துக்கம்தான். ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில் சந்தோஷம் போகாமல் உட்கார்ந்திருந்தது. அதை விரட்டப் பார்த்தார். போக மாட்டேன் என்றது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பா! வாங்க! ஃபைனல்!" விசில் கதவைத் தட்டினாள். "தாத்தாவுக்கு நான் வாங்கினது இன்னும் பிரிக்கவே இல்ல. நீங்க வந்தாதான் ஆட்டம்!"

"இப்ப வேணாம்டா."

"அதெல்லாம் முடியாது. தாத்தா ரெடியா உக்காந்தாச்சு!"

மனைவி அவர் சட்டையைப் பிடித்தாள். "போகாதீங்க. அவர் கண்டுபிடிச்சுடுவார்."

"போகலைன்னாலும் கண்டுபிடிச்சுடுவார்" என்றார் டிரைவர்.

மாமனார் தயாராக இருந்தார். தூங்கி எழுந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. டிரைவர் எதிரே உட்கார்ந்தார். முட்டியும் முட்டியும் உரசின. மாமனாரின் முட்டி சில்லென்று இருந்தது, அதில் சதையே இல்லை.

"ஸ்டார்ட்!" என்றாள் விசில்.

இந்த மாமனார் தன் உத்தியோகத்தில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் உண்டு. பக்கத்தில் இருப்பவனின் கண்ணைப் பார்க்கக் கூடாது, தொண்டையைப் பார்க்க வேண்டும். கண்ணை அடக்கிக்கொள்ளப் பலருக்குத் தெரியும். எச்சில் விழுங்குவதை அடக்க யாருக்கும் தெரியாது.

டிரைவர் சோகமான விஷயங்களை நினைத்துப் பார்த்தார். செத்துப்போன தன் அம்மாவை நினைத்தார். எதிரே இருப்பவருக்கு வந்திருக்கும் வியாதியை நினைத்தார். மரத்தில் சின்ன விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. மகள் கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றாள். நாளைக்கும் இவளைப் பார்ப்பேன் என்ற நினைப்பு கேட்காமலே வந்தது. அடுத்த வருடமும் பார்ப்பேன். அந்தப் பாவாடை மடிப்பைப் பிரிப்பதையும் பார்ப்பேன்.

அவர் உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. கடித்து அடக்கினார். மறுபக்கம் இழுத்தது. பிறகு முகம் முழுவதும் மலர்ந்துவிட்டது. அப்படியே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அப்பா அவுட்! தாத்தா ஜெயிச்சாச்சு!"

தாத்தா சந்தோஷப்படவில்லை. முன்னால் குனிந்து, மாப்பிள்ளையின் கையை மெல்ல விலக்கிப் பார்த்தார்.

"காலையில கட்டையில போறவன் மாதிரி உக்காந்திருந்தீங்க. இப்ப உசிரு திரும்பின மாதிரி இருக்கீங்க. நடுவுல என்ன நடந்துச்சு மாப்ளே?"

டிரைவர் "மன்னிச்சுடுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். குழாய்த் தண்ணீர் வேகமாகக் கொட்டும் சத்தம் கேட்டது.

மன்னிப்புக் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான்? மாமனார் அதை ஒரு நிமிடம் யோசித்தார். சமையலறை வாசலில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தொண்டையையும் பார்த்தார்.

"விசில், அப்பா முகம் கழுவறாரு. அலமாரியில புதுத் துண்டு எது நல்லாருக்குன்னு பாத்து எடுத்து வை, போ."

"உங்க பரிசு தாத்தா?"

"ஓடியா போகப்போகுது? போடா செல்லம்."

அவள் உள்ளறைக்கு ஓடினாள். மகள் அப்பாவின் அருகில் வந்து, கணவன் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு என் கையில எடுத்தியே, அது வந்துடுச்சா?"

"இன்னும் வரலப்பா."

"வந்துடுச்சு" என்றார் அவர்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாம்பா."

"மோசமா?"

"மோசம்தான்ப்பா." அதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? டியூபில் ஒட்டிய சீட்டு, டாக்டரின் போன், கணவன் காலையிலிருந்து பட்ட பாடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவர் வியாதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பேரை மாத்தி எழுதினியா? நீயா?" என்றார். அண்ணனுக்குப் பதில் தம்பி, முதலாளிக்குப் பதில் வேலைக்காரன் என்று வண்டி ஓட்டிக்காட்ட வந்த எத்தனையோ பேரைப் பிடித்து வெளியே அனுப்பியவர் அவர். பெற்ற பெண்ணே அதைச் செய்தது அவருக்கு அவமானமாக இருந்தது.

"உங்களுக்காகத்தான்ப்பா."

"எல்லாரும் யாருக்காகவாவதுதான் பண்றாங்க. தெரிஞ்சா வேலை என்ன ஆகும்?"

"போயிடும். போகட்டும். நாளைக்குக் காலையில டாக்டர் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிடறேன். சொன்னாதானே உங்க பேர்ல சேத்து மருந்து குடுக்க முடியும்?"

"பதினாறு வருஷ வேலையை விட்டுட்டு நின்னு என்ன வாங்கப் போறே? எனக்கு எத்தனை வருஷம் வாங்கப் போறே, சொல்லு."

"அது தெரியாதுப்பா. டாக்டர்தான் சொல்லணும்."

மரத்தடியில் முதுகு மெத்தைக்குப் பக்கத்தில் டிரைவரின் போன் கிடந்தது. அது அடித்தது. காலையில் வந்த அதே நம்பர். மகளுக்கு அது மனப்பாடம். அவள் எழுவதற்குள் அப்பா எடுத்துவிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். இப்போதும் அப்படியே போட்டார்.

"சார், நான்தான். காலையில பேசின டாக்டர். ரொம்ப அவசரமா சொல்லிட்டு வச்சுட்டேன், மனசு சரியில்ல. எப்படி இருக்கீங்க?"

மகள் கையை நீட்டினாள். அப்பா தோளைத் திருப்பிக்கொண்டார்.

"நல்லா இருக்கேன் டாக்டர். சொல்லுங்க" என்றார்.

முப்பத்தாறு வருடத்தில் ஒரு ஆள்மாறாட்டத்தையும் விட்டுவைக்காத மனிதர், மாப்பிள்ளையின் பேரில் பேசினார். குரல் ஒரு இம்மியும் பிசகவில்லை.

"உங்களுக்குத் தைரியம் சொல்லத்தான் கூப்பிட்டேன். இப்பல்லாம் நல்ல மருந்து இருக்கு சார். கஷ்டமான மருந்துதான், உடம்பைப் போட்டு உலுக்கிடும். ஆனா உங்களுக்கு நாப்பத்திமூணு வயசுதானே? தாங்கிடுவீங்க. பாப்பா கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் போவீங்க, பயப்படாதீங்க. இதே அறுபத்தஞ்சு, எழுபதுன்னா நான் இவ்வளவு தைரியமா பேச மாட்டேன்."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து, ஈர முகத்தோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"அறுபத்தெட்டுன்னு வச்சுக்குங்க டாக்டர்" என்றார் அப்பா. "அந்த ஆளுக்கு என்ன சொல்வீங்க? மருந்து குடுப்பீங்களா, இல்ல வீட்லயே இருக்கட்டும்பீங்களா?"

போனுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவை யாரோ கூப்பிடுவதும், இருங்க என்று அவர் சொல்வதும் கேட்டன.

"சார், உங்க மிஸஸ் பக்கத்துல இருக்காங்களா?" என்றார் அவர். "போனை அவங்ககிட்ட குடுங்க."